சைக்கிள் பயிற்சியாளர் எதை அளக்கச் சொல்கிறார்?

ஆன்லைனில் இன்டோர் சைக்கிளிங் வகுப்பு, அதாவது நகராத சைக்கிளில் வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர்களை ஒப்பிடச் சொன்னால் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இவர் ஜாலியானவர், அவர் கத்திக்கொண்டே இருப்பார், இன்னொருவரின் பாட்டெல்லாம் அருமை ஆனால் வாயை மூட மாட்டார், வேறொருவர் நல்லவர்தான், கொஞ்சம் போர். எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் இதெல்லாம் அந்த ஆளின் சுபாவத்தைப் பற்றிய பேச்சு. அவர் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்பதைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால்தான் ஒருவர் பிரமாதம் என்று பரிந்துரைத்த வகுப்பில் இன்னொருவர் ஏறி, பத்து நிமிடத்தில் மூச்சு முட்டி இறங்கிவிடுகிறார், அல்லது முக்கால் மணி நேரம் பெடல் மிதித்தும் சரியாக வியர்க்காமல் முடித்துவிட்டு, இதையா அவ்வளவு புகழ்ந்தார்கள் என்று கேட்கிறார்.

கற்பிக்கும் பாணி என்று நான் இங்கே சொல்வது இரண்டு விஷயங்களைத்தான். பயிற்சியாளர் உங்கள் உழைப்பை எந்த அளவுகோலால் சொல்கிறார்? எவ்வளவு உழைப்பது என்ற முடிவை யார் எடுக்கிறார், அவரா நீங்களா? இவை பிடிபட்டுவிட்டால் குரல், பாட்டு, சிரிப்பு எல்லாம் அவரவர் விருப்பம், அதில் யாரும் யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

பார்க்காமல் வழி சொல்வது

ஒருவர் உங்கள் வீட்டைத் தேடி வருகிறார், நீங்கள் போனில் வழி சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. "200 மீட்டர் நேராக வந்து இடது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லலாம். துல்லியமான பேச்சு, ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் அவர் நின்றால்தான் அது உதவும். "கொஞ்சம் மேடாக ஒரு இடம் வரும், அது முடிந்ததும் திரும்புங்கள்" என்று சொல்லலாம். இதில் எண் கிடையாது, ஆனால் அவர் எங்கிருந்து வந்தாலும் மேடு மேடாகத்தான் தெரியும். "வாங்க வாங்க, கிட்ட வந்துட்டீங்க" என்றும் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும், வழி மட்டும் அதில் இருக்காது.

ஆன்லைன் பயிற்சியாளரும் இப்படித்தான், உங்களைப் பார்க்காமல் பேசுகிறார். நேரில் நடக்கும் வகுப்பில் அவர் தன் சைக்கிளிலிருந்து இறங்கி வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் குறையுங்கள் என்று, மிதிப்பின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் தானே திருப்பிவிட முடியும். திரைக்குள்ளிருந்து அது முடியாது. அவர் கையில் இருப்பது வார்த்தை மட்டுமே. செய்ய வேண்டியதைச் சொல்லும் இந்தச் சின்னச் சின்ன அறிவுறுத்தல்களுக்குப் பயிற்சியாளர்கள் வட்டாரத்தில் க்யூ என்று பெயர். ஒரு பயிற்சியாளரின் பாணி என்பது கிட்டத்தட்ட அவருடைய க்யூக்களின் பாணிதான்.

சைக்கிளில் மாற்ற முடிவது எது?

க்யூக்களைப் புரிந்துகொள்ள அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல வேளையாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மாற்ற முடிவது இரண்டே இரண்டு. ஒன்று, பெடல் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது. இதற்கு கேடன்ஸ் என்று பெயர். இன்னொன்று, சுற்றவிடாமல் சக்கரத்தை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பது, இது ரெசிஸ்டன்ஸ். எழுந்து நின்று மிதிப்பது, உட்கார்ந்து மிதிப்பது, மலை ஏற்றம், ஸ்ப்ரின்ட் எனப்படும் சில நொடி அதிவேக மிதிப்பு என்று வகுப்பில் வரும் எல்லாமே கடைசியில் இந்த இரண்டின் கலவைதான்.

இரண்டும் சேர்ந்து தருவது பவர், அதாவது ஒரு நொடியில் நீங்கள் செய்யும் வேலை. இதன் அலகு வாட். ஒரே 150 வாட்டை இரண்டு விதமாகக் கொடுக்கலாம்: நிமிடத்துக்கு 60 சுற்றில் கனமாக மிதித்தும் கொடுக்கலாம், 90 சுற்றில் லேசாக மிதித்தும் கொடுக்கலாம். 60 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் விசை 90 சுற்றில் தேவைப்படுவதைப் போல ஒன்றரை மடங்கு. முதலாவதில் தொடை முதலில் களைக்கும், இரண்டாவதில் மூச்சு முதலில் வாங்கும். பயிற்சியாளர் கேடன்ஸைக் குறைத்து ரெசிஸ்டன்ஸைக் கூட்டச் சொன்னால் அவர் உங்கள் கால்களிடம் பேசுகிறார் என்று அர்த்தம்.

பவர் தெரிந்தால் இன்னொரு விஷயமும் தெளிவாகிவிடும். "இந்த 45 நிமிடத்தில் 800 கலோரி எரித்துவிட்டீர்கள்!" என்று சில வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது, மிச்சம் வெப்பமாகப் போய்விடும். அந்தக் கணக்குப்படி 45 நிமிடத்தில் 800 கலோரி எரிய சராசரியாக 250 முதல் 300 வாட் வரை விடாமல் மிதித்திருக்க வேண்டும். அது நன்றாகப் பயிற்சி பெற்ற சைக்கிள் ஓட்டிகளின் அளவு. புதிதாக ஏறியவரிடம் இதைச் சொல்லும் பயிற்சியாளர் உற்சாகப்படுத்துகிறார், அவ்வளவுதான். எதையும் அளந்து சொல்லவில்லை.

சுருக்கமாக: கேடன்ஸ், ரெசிஸ்டன்ஸ், இரண்டும் சேர்ந்த பவர். எந்தப் பயிற்சியாளரும் இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் மாற்றச் சொல்கிறார். எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

நான்கு அளவுகோல்கள்

முதலாவது, எல்லோருக்கும் ஒரே எண். "ரெசிஸ்டன்ஸ் 40 முதல் 50, கேடன்ஸ் 80 முதல் 90" என்பது, சைக்கிளையும் ஆன்லைன் வகுப்புகளையும் சேர்த்துத் தரும் பெலோட்டன் போன்ற தளங்களில் தினமும் கேட்கிற க்யூ. இதன் நல்ல பக்கம், குழப்பமே இல்லை, திரையில் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். கெட்ட பக்கம், 50 கிலோ எடையுள்ள புதியவருக்கும் 90 கிலோ எடையுள்ள பழகியவருக்கும் அதே எண். ஒருவருக்கு அது உச்சக்கட்டம், இன்னொருவருக்கு வார்ம்-அப். நல்ல பயிற்சியாளர்கள் அதனால்தான் ஒற்றை எண்ணைச் சொல்லாமல் ஒரு வீச்சைச் சொல்லி, புதியவர்கள் கீழ் எண்ணில் இருங்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்லாமல் எண்ணை மட்டும் வீசிவிட்டுப் போகிறவரிடம் தொடக்கநிலைக்காரர்கள் மாட்டிக்கொண்டால் கஷ்டம்தான்.

இரண்டாவது, உங்கள் எண்ணின் சதவீதம். இங்கே எஃப்.டி.பி. என்ற சொல் வரும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச பவர்தான் எஃப்.டி.பி. ஒரு மணி நேரம் முழு மூச்சில் மிதித்துப் பார்ப்பது கொடுமை என்பதால் வழக்கமாக 20 நிமிடச் சோதனை செய்து, அதில் வந்த சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். இதை வைத்து ஆண்ட்ரூ கோகன் என்ற உடலியல் ஆய்வாளர் உழைப்பை 7 மண்டலங்களாகப் பிரித்தார். 56 முதல் 75 சதவீதம் இரண்டாம் மண்டலம், நீண்ட நேரம் ஓடக்கூடியது. 76 முதல் 90 வரை மூன்றாம் மண்டலம். 91 முதல் 105 வரை நான்காவது, அதாவது எஃப்.டி.பி.யை ஒட்டிய இடம். அதற்கு மேல் போகப்போக நிமிடக் கணக்கிலும் பிறகு நொடிக் கணக்கிலும்தான் தாங்க முடியும். பெலோட்டனில் பவர் சோன் என்று நடக்கும் வகுப்புகள் இந்த அடிப்படையில் அமைந்தவை, அவற்றைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் மேட் வில்பர்ஸ்.

இந்த முறையில் பயிற்சியாளர் "மூன்றாம் மண்டலம், 8 நிமிடம்" என்று மட்டும் சொல்வார். எஃப்.டி.பி. 120 வாட் உள்ளவருக்கு அது 91 முதல் 108 வாட் வரை. 220 வாட் உள்ளவருக்கு 167 முதல் 198 வரை. ஒரே வார்த்தை, இரண்டு பேருக்கும் ஒரே அளவு கஷ்டம். உங்களைப் பார்க்க முடியாத ஒருவர் உங்களுக்கு ஏற்ற மாதிரி சொல்வதற்கு இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது நீங்கள் சோதனையை ஒழுங்காகச் செய்திருந்தால்தான் வேலை செய்யும். களைத்துப்போன நாளில் அரை மனதோடு சோதனை செய்தவருக்கு எல்லா வகுப்பும் சப்பென்று இருக்கும். ஒரு நாள் வெறியோடு மிதித்து, பிறகு அந்தப் பக்கமே வராமல் இருந்தவருக்கு எல்லாமே தண்டனையாக இருக்கும். இரண்டு பேரும் பயிற்சியாளரைத்தான் குறை சொல்வார்கள்.

மூன்றாவது, உணர்வு. "10க்கு 7 என்ற அளவில் உழையுங்கள்", "பேசலாம், ஆனால் முழு வாக்கியமாக வராது" என்பவை இந்த வகை. இதற்கு ஆர்.பி.இ. என்று பெயர், உணரப்பட்ட உழைப்பின் அளவு. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கியது. அவருடைய முதல் அளவுகோல் 6இல் தொடங்கி 20இல் முடியும். ஏன் இப்படி விசித்திரமாக என்றால், அந்த எண்ணை 10ஆல் பெருக்கினால் ஆரோக்கியமான ஒருவரின் இதயத்துடிப்பு ஏறக்குறைய வரும் என்பதால். இன்று வகுப்புகளில் பயன்படுவது பெரும்பாலும் 10 வரை போகும் எளிய வடிவம். எந்த சைக்கிளிலும், மீட்டரே இல்லாத சைக்கிளிலும் இது செல்லும். சிக்கல் என்னவென்றால், புதியவருக்குத் தன் 7 எது 9 எது என்று தெரியாது. அதைக் கற்றுக்கொடுப்பதே ஒரு கலை. மூச்சு எப்படி இருக்க வேண்டும், தொடையில் எரிச்சல் எப்போது தொடங்க வேண்டும், இந்த வேகத்தில் இன்னும் எத்தனை நிமிடம் ஓட முடியும் என்று தோன்ற வேண்டும் என்றெல்லாம் வகுப்பின் போக்கிலேயே சொல்லிக்கொண்டு போகிறவர்தான் இதில் தேர்ந்தவர். "ஒரு 7 போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் புகழப் போகிறவர் இதே வகையைச் சேர்ந்தவர் மாதிரித் தெரிவார், அவ்வளவே.

நான்காவது, தாளம். பாட்டின் பீட்டுக்கு மிதிப்பது. இதன் கணக்கு எளிது: ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு கால் கீழே போகிறது, இரண்டு பீட்டுக்கு ஒரு முழுச் சுற்று. நிமிடத்துக்கு 128 பீட் உள்ள பாட்டு 64 கேடன்ஸ், அதாவது கனமான ஏற்றம். 90 கேடன்ஸ் வேண்டுமென்றால் 180 பீட் பாட்டு வேண்டும். ஆக இந்த வகுப்புகளில் உங்கள் கேடன்ஸை முடிவு செய்வது பயிற்சியாளரின் பிளேலிஸ்ட். ரெசிஸ்டன்ஸ்? அது பெரும்பாலும் உங்கள் மனசாட்சியிடம் விடப்படுகிறது. "கொஞ்சம் கூட்டுங்க" என்பார். எவ்வளவு கொஞ்சம் என்று யாருக்கும் தெரியாது.

இதயத்துடிப்பை ஏன் ஐந்தாவதாகச் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். நீளமான, சீரான உழைப்புக்கு அது நல்ல அளவுகோல்தான். ஆனால் உழைப்பு கூடியதும் துடிப்பு உடனே கூடுவதில்லை, மெல்லத்தான் ஏறி வரும். 30 நொடி ஸ்ப்ரின்ட்டில் துடிப்பு மேலே வருவதற்குள் ஸ்ப்ரின்ட்டே முடிந்துவிடும். கடும் உழைப்பும் ஓய்வும் மாறி மாறி வரும் குட்டை இன்டர்வெல் வகுப்பில் ஒரு பயிற்சியாளர் இதயத்துடிப்பைத் துரத்தச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இதுவரை: எல்லோருக்கும் ஒரே எண், உங்கள் சதவீதம், உணர்வு, தாளம். நல்ல பயிற்சியாளர் யாரும் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதில்லை, ஆனால் எதை முதலில் சொல்கிறார் என்று கவனித்தால் அவருடைய வீடு எது என்று தெரிந்துவிடும்.

இரண்டு வம்சங்கள்

இந்த வித்தியாசங்கள் ஏன் வந்தன என்பதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. இன்டோர் சைக்கிளிங் வகுப்பு என்ற வடிவத்தை 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் உருவாக்கியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜானி கோல்ட்பெர்க். அவர் நெடுந்தூர சைக்கிள் பந்தயக்காரர். சாலையில் ஓட்டுவதை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் அவருடைய நோக்கம், அந்த வகுப்புக்கு ஸ்பின்னிங் என்று பெயர். ஏற்றம், சமதளம், மூச்சு, மனதைக் குவிப்பது என்று எல்லாம் சாலையை மனதில் வைத்தே. இந்த வழியில் வருகிறவர்களுக்கு சைக்கிளில் செய்யாத எதையும் ஸ்பின் பைக்கில் செய்வது பிடிக்காது.

2006இல் நியூயார்க்கில் தொடங்கிய சோல்சைக்கிள் என்ற வகுப்புக்கூட நிறுவனம் வேறொரு திசையில் போனது. இருட்டான அறை, மெழுகுவர்த்தி, சத்தமான இசை, பீட்டுக்கு ஏற்ப உடலை முன்னும் பின்னும் அசைப்பது, ஹேண்டில்பாரில் புஷ்-அப், நடுவில் கையில் சின்ன எடைகள். நடனக் கூடத்தின் உற்சாகம். 2012இல் நிறுவப்பட்ட பெலோட்டன் இரண்டு வம்சங்களையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்தது. அங்கே ஓட்டப் பந்தயப் பின்னணியிலிருந்து வந்த வில்பர்ஸும் இருக்கிறார், நடனக் கலைஞராக இருந்து வந்த கோடி ரிக்ஸ்பியும் இருக்கிறார். ஒருவர் வகுப்பில் இந்த இன்டர்வெல் உடலில் என்ன செய்கிறது என்ற விளக்கம் கிடைக்கும், இன்னொருவர் வகுப்பில் பாப் பாடகிகளைப் பற்றிய அரட்டையில் கஷ்டமான நிமிடங்கள் கரைந்துபோகும். இவர்களில் யார் சிறந்தவர் என்று கேட்பவர் இரண்டு வேறு வேறு பொருட்களை ஒரே தராசில் வைக்கிறார்.

மூன்றாவதாக பயிற்சியாளரே இல்லாத ஒரு கிளையும் உண்டு. ஸ்விஃப்ட், டிரெய்னர்ரோட் போன்ற பயிற்சிச் செயலிகளில் என்ன செய்ய வேண்டும் என்பது திரையில் எழுத்தாகத்தான் வரும். சொந்த சைக்கிளைப் பொருத்தி மிதிக்கும் ஸ்மார்ட் டிரெய்னரில் எர்க் மோட் என்று ஒன்று இருக்கிறது. நிர்ணயித்த வாட்டை நீங்கள் கொடுக்கும்படி இயந்திரமே ரெசிஸ்டன்ஸை மாற்றிக்கொள்ளும். களைத்துப்போய் மெதுவாக மிதித்தால் அது ரெசிஸ்டன்ஸைக் கூட்டும், கூட்டியதால் இன்னும் மெதுவாகும், அது இன்னும் கூட்டும், கடைசியில் பெடல் நின்றே போகும். எந்த மனிதப் பயிற்சியாளரும் இவ்வளவு இரக்கமில்லாதவர் கிடையாது.

முடிவு யார் கையில்?

அளவுகோலுக்கு அடுத்த விஷயம் இது. உடற்கல்வியில் இதை முறையாக யோசித்தவர் மஸ்கா மாஸ்டன். 1966இல் அவர் கற்பிக்கும் பாணிகளை ஒரு தொடர்வரிசையாக அடுக்கிக் காட்டினார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எதை, எப்போது, எவ்வளவு என்ற முடிவுகளில் எத்தனை ஆசிரியரிடம், எத்தனை மாணவரிடம்? ஒரு முனையில் கட்டளைப் பாணி, எல்லா முடிவும் ஆசிரியருடையது. மறு முனையில் மாணவரே தேடிக் கண்டுபிடிப்பது. எந்த முனையும் உயர்ந்தது தாழ்ந்தது இல்லை என்பது அவர் நிலை; நோக்கத்தைப் பொறுத்துப் பாணி மாறும்.

சைக்கிள் வகுப்பில் இதைக் கேட்பது சுலபம். "ரெசிஸ்டன்ஸ் 45, இப்போது எழுந்து நில்லுங்கள்" என்பது கட்டளை. "உட்காருங்கள் அல்லது நில்லுங்கள், ஆனால் இந்த வாட்டை விடாதீர்கள்" என்பதில் ஒரு முடிவு உங்களிடம் வந்துவிட்டது. "கடந்த சுற்றில் கடைசி நிமிடம் எப்படி இருந்தது? தள்ளாடினீர்கள் என்றால் இந்த முறை 5 வாட் குறைவாகத் தொடங்குங்கள், எளிதாக இருந்தது என்றால் கூட்டுங்கள்" என்பதில் அவர் கேள்வி கேட்கிறார், பதிலும் முடிவும் உங்களுடையவை.

தொடக்கத்தில் கட்டளைப் பாணி நிம்மதியாக இருக்கும். எதையும் யோசிக்க வேண்டாம், சொன்னதைச் செய்தால் போதும், நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்தவருக்கு அது ஒரு விடுதலைகூட. ஆனால் மாதக்கணக்கில் அதிலேயே இருந்தால், பயிற்சியாளர் இல்லாமல் 20 நிமிடம் தனியாக ஓட்டத் தெரியாத ஆளாக இருப்பீர்கள். மனிதர்கள் ஒரு செயலில் நீடிப்பதற்குத் தன்முடிவு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு தொடர்பு என்ற மூன்றும் வேண்டும் என்று உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் சொல்கிறார்கள். சேர்ந்து மிதிப்பவர்களில் நீங்கள் எத்தனையாவது என்று காட்டும் லீடர்போர்டும் நேரலையில் உங்கள் பெயரைக் கூப்பிடுவதும் மூன்றாவதைக் கவனித்துக்கொள்கின்றன. முதல் இரண்டையும் க்யூக்கள்தான் தர வேண்டும், அதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தக் கத்தல் வேலை செய்கிறதா?

ஓரளவுக்கு. இசையைப் பற்றிய ஆய்வுகளில் முக்கியமான பெயர் லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராகியோர்கிஸ். மிதமான உழைப்பில் இசை களைப்பின் உணர்வைக் குறைக்கிறது என்பதும், உழைப்பு மிகக் கடுமையாகும்போது உடலின் கூக்குரல் முந்திக்கொள்வதால் அந்தப் பலன் சுருங்கிவிடுகிறது என்பதும் இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. பேச்சுக்கும் இது பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். வார்ம்-அப்பில் கதை சொல்லலாம், தத்துவம் பேசலாம். ஐந்தாம் மண்டலத்தில் இரண்டாவது நிமிடத்தில் இருப்பவருக்கு வேண்டியது இன்னும் எத்தனை நொடி என்ற ஒரே தகவல். அந்த நேரத்தில் வாழ்க்கைப் பாடம் எடுக்கிறவர் கேட்பவருக்காகப் பேசவில்லை.

உடல் அசைவைப் பற்றிய க்யூக்களில் இன்னொரு நுணுக்கம். உடல் அசைவுகளைக் கற்பது பற்றிய ஆய்வாளர் கபிரியேல் வுல்ஃப் 1990களின் இறுதியிலிருந்து செய்துவரும் ஆய்வுகள், கவனத்தை உடலின் உறுப்பில் வைப்பதைவிட அசைவின் விளைவில் வைத்தால் அசைவு சுலபமாக வருகிறது என்று காட்டுகின்றன. "முழங்காலை இப்படி வையுங்கள், கணுக்காலை அப்படித் திருப்புங்கள்" என்பதைவிட "பெடலை முன்னால் தள்ளி வட்டத்தை முடியுங்கள்" என்பது எடுபடுவது அதனால்தான். அடுத்த வகுப்பில் கவனித்துப் பாருங்கள், சில பயிற்சியாளர்கள் உடற்கூறு வகுப்பே எடுப்பார்கள்.

திரைக்குப் பின்னால் நடக்கும் ஆபத்து

பயிற்சியாளர் உங்களைப் பார்க்கவில்லை என்பதன் விலை பாதுகாப்பில்தான் அதிகம். ரெசிஸ்டன்ஸ் இல்லாமல் 110, 120 கேடன்ஸில் மிதித்து இருக்கையில் குதித்துக்கொண்டிருந்தால் நேரில் ஒருவர் வந்து நிறுத்துவார். கனமான சக்கரம் ஃபிக்ஸட் கியரில் இருந்தால், நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் அது உங்கள் காலை இழுத்துக்கொண்டு சுற்றும். அவசரத்துக்குக் குமிழை அழுத்தி பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைத் தொடக்க வகுப்பில் சொல்லாத பயிற்சியாளரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கை உயரமும் அப்படித்தான்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் சின்ன மடிப்பு, 25 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். ஹேண்டில்பார் புஷ்-அப், கைகளை விட்டு ஓட்டுவது போன்றவற்றை ஸ்பின்னிங் வழியினர் தவிர்க்கச் சொல்கிறார்கள், நகராத சைக்கிளில் அவற்றால் பலன் குறைவு, விழ வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இதைவிட முக்கியமானது ராப்டோமயோலிசிஸ். அளவுக்கு மீறிய, பழக்கமில்லாத உழைப்பில் தசைச் செல்கள் உடைந்து, அவற்றின் உள்ளடக்கம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது. முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு இது வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அவர்களில் இளைஞர்களும் ஆரோக்கியமானவர்களும் உண்டு. வகுப்பு முடிந்த ஓரிரு நாளில் தொடை தாங்க முடியாமல் வலித்து வீங்கி, சிறுநீர் அடர் பழுப்பாக வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். "விட்டுவிடாதே, உன்னால் முடியும்" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கத்துவதில் உள்ள பிரச்சினை இதுதான்: கேட்பவர்களில் யாருக்கு இது முதல் நாள் என்று சொல்பவருக்குத் தெரியாது. முதல் சில வகுப்புகளில் எழுந்து நிற்கச் சொன்னாலும் உட்கார்ந்தே இருங்கள், சொன்ன ரெசிஸ்டன்ஸில் பாதியை மட்டும் வையுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. ஆன்லைன் வகுப்பின் பெரிய வசதியே அதுதானே.

சரி, எப்படி ஒப்பிடுவது?

ஒரே நீளம், ஒரே வகை வகுப்பை இரண்டு பேரிடம் எடுங்கள். ஒருவரின் 20 நிமிட ஏற்றத்தையும் இன்னொருவரின் 45 நிமிட இன்டர்வெல்லையும் ஒப்பிட்டால் வகுப்பைத்தான் ஒப்பிடுகிறீர்கள், ஆளை அல்ல. முடிந்தால் ஒரே நாளில் வேண்டாம், இரண்டு முறையும் கால் புத்துணர்ச்சியோடு இருக்கட்டும். வார்ம்-அப்பில் அன்றைய திட்டத்தைச் சொல்கிறாரா, முதல் கடினமான பகுதிக்கு முன்னால் எவ்வளவு நேரம், எந்த அளவு என்று முன்கூட்டியே தெரிகிறதா என்று பாருங்கள். அளவுகோல் ஒன்றைச் சொல்லும்போது அது உங்களுக்குப் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்கிறாரா? இறங்கியபோது திரையில் உள்ள சராசரி வாட், உங்கள் உணர்வில் 10க்கு எத்தனை, இரண்டையும் குறித்து வையுங்கள். ஒருவரின் வகுப்பில் வாட் அதிகமாகவும் கஷ்டம் குறைவாகவும் தோன்றினால், அவருடைய பேச்சோ இசையோ இடைவெளி விடும் விதமோ உங்களுக்கு ஒத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை வந்த எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். தூக்கம், வெப்பம், முந்தைய நாள் சாப்பாடு எல்லாம் அதில் கலந்திருக்கும்.

சைக்கிளை மாற்றினால் மட்டும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். ஒரு சைக்கிளின் ரெசிஸ்டன்ஸ் 40 இன்னொன்றின் 40 ஆகாது, ஒரே நிறுவனத்தின் இரண்டு சைக்கிள்கள்கூடக் கொஞ்சம் வேறுபடும், வாட் காட்டும் மீட்டர்களும் அப்படியே. பயிற்சியாளர் அதே ஆள், வகுப்பும் அதே வகுப்பு, ஆனால் எஃப்.டி.பி. சோதனையைப் புது சைக்கிளில் திரும்பச் செய்த பிறகுதான் அவருடைய "மூன்றாம் மண்டலம்" மறுபடியும் உங்களுடைய மூன்றாம் மண்டலமாக இருக்கும்.